பதினான்கு வாஷர் தூரம்

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். பனி. காற்று துளியும் இல்லை. தொழிற்பேட்டைப் புகையும் பனியும் ஒன்றாகக் கலந்து இறங்கியிருந்ததால் தெருவிளக்குகள் பஞ்சில் பொதிந்து வைத்தவை போல மங்கி நின்றன. நானும் என் மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குக் கிளம்பினோம். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நான்காவது முறையும் இழுத்தேன்.

"அதையும் கணக்குல சேத்துக்கறீங்களா?" என்றாள் அவள்.

சேர்த்துக்கொள்ளவில்லை. பந்தயப்படி நடை சென்னையில்தான் தொடங்க வேண்டும்.

பந்தயம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், என் அசட்டுத்தனம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் எனக்குத் தலை சுற்றியது. விழவில்லை, உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் தரையாகப் போனதால் பார்த்தவர்கள் விழுந்ததாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் முகத்தில் சோடா தெளித்தார். இன்னொருவர் அதைச் செல்போனில் படம் எடுத்தார். எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்தப் படத்தை ஓசூரில் இருக்கும் என் மகனுக்கு அனுப்பிவைத்தார். சோடா முகத்தில் காய்வதற்குள் மகன் போனில் வந்துவிட்டான்.

அன்று முதல் ஒரே பேச்சு. வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூருக்கு வந்துவிட வேண்டும். ஆறாவது மாடியில் அவனுக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது. அங்கே ஒருமுறை பன்னிரண்டு நாள் இருந்திருக்கிறேன். எதிர்க் கட்டடத்தில் இருநூற்று எண்பத்தெட்டு ஜன்னல்கள். இரண்டாம் நாளே எண்ணி முடித்துவிட்டேன். மிச்சம் பத்து நாளுக்கு எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. இங்கே அப்படியில்லை. எங்கள் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம். துவைத்துப் போட்ட வேட்டியில் மாலைக்குள் கரி படியும். முருங்கை இலையை மூன்று தண்ணீரில் அலசாமல் சமைக்க முடியாது. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எந்த மில்லில் எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், எந்த லாரி எடை போட எந்த எடைமேடைக்குப் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்று பன்னிரண்டு வருடம் ஆகியும் காலை ஷிப்ட் சங்கு ஐந்து நிமிடம் தாமதித்தால் எனக்குத்தான் பதற்றம். இதை விட்டுவிட்டு ஜன்னல் எண்ணப் போவதா?

ஒருநாள் மகன் போனில், "நைனா, உன்னால பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒழுங்கா போய்ட்டு வர முடியல. இன்னும் இன்னாத்துக்கு அங்க தனியா?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் நான் எப்போதும் பெரிய எண்ணாகச் சொல்லிவிடுவேன். "பஸ் ஸ்டாண்டா? மெட்ராசையே ஒரே நாள்ல நடந்து சுத்திட்டு வருவேன், பாக்கறியா?"

"சுத்து. சுத்திட்டு நீயா ஊடு வந்து சேந்தீன்னா ஓசூர் பேச்சையே எடுக்க மாட்டேன். வர முடியலன்னா சித்திரைக்குள்ள ஊட்டக் காலி பண்ணு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். விதிகளை நான்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் அவனையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். ரயிலைத் தவிர சக்கரம் உள்ள எதிலும் ஏறக் கூடாது. ஏழு இடங்கள் பார்க்க வேண்டும். உதவி கேட்டுப் போன் செய்யக் கூடாது. நடுவர் அவன் அம்மா. "அம்மா பொய் சொல்லாது" என்றான் அவன். அதில் எனக்கும் சந்தேகமில்லை. நாற்பத்தொரு வருடமாக அதனால் நான் பட்டது கொஞ்சமில்லை.

அவள் அடுப்படியிலிருந்து, "நான் வரேன்னு எப்போ சொன்னேன்?" என்றாள். நாங்கள் இருவரும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

நான் ஒரு இரும்பு உருக்கு மில்லில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். லாரியிலிருந்து கம்பிக் கட்டுகள் இறங்கும்போது எண்ணிக்கை தவறாமல் இருக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. வலது பாக்கெட்டில் வாஷர்கள், அதாவது போல்ட்டுக்கு அடியில் போடும் இரும்பு வட்டங்கள். பத்துக் கட்டு இறங்கினால் ஒரு வாஷர் இடது பாக்கெட்டுக்குப் போகும். யார் வந்து பேச்சுக் கொடுத்தாலும் கணக்கு பாக்கெட்டில் பத்திரமாக இருக்கும். செல்போனிலேயே அடி எண்ணும் வசதி இருக்கிறது என்று மகன் சொன்னான். எண்ணுகிற வேலையைப் போனிடம் விட்டுவிட்டு நான் என்ன செய்வது? வலது பாக்கெட்டில் இருபது வாஷர் போட்டுக்கொண்டேன். ஆயிரம் அடிக்கு ஒன்று.

பொன்னேரியில் அறுநூற்று ஐம்பது ரூபாய்க்குப் புதிதாகக் கேன்வாஸ் ஷூவும் வாங்கியிருந்தேன். கடைக்காரன், "நாலு நாள் ஊட்டுக்குள்ள போட்டு நடந்து பழக்குங்க சார்" என்றான். பழக்கினால் அடிப்பாகம் தேயுமே என்று பெட்டியிலேயே வைத்திருந்து அன்று காலைதான் போட்டேன்.

என் மனைவி காலில் பழைய ரப்பர் செருப்பு. ஒரு வாருக்கு ஊக்கு குத்தியிருந்தாள். தோளில் ஒரு கட்டைப்பை. அதில் இட்லி, தண்ணீர், என் ரத்த அழுத்த மாத்திரை, ஒரு குடை. "குடை எதுக்கு?" என்றேன். "வெயிலு உங்க பந்தயத்துக்குப் பயந்து வராம இருக்குமா?" என்றாள்.

ரயிலில் இடம் கிடைத்தது. கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. ஏறியவர்கள் எல்லோரும் சம்பாதிக்கப் போகிறவர்கள். பாதிப் பேர் நின்றபடியே தூங்கினார்கள். நான் மட்டும் ஒரு ஜன்னலோரத்தை அடைத்துக்கொண்டு மெட்ராசை நடந்து பார்க்கப் போகிறேன் என்பது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எதிரில் இருந்தவர் எங்கே போகிறோம் என்று கேட்டபோது "ஆஸ்பத்திரிக்கு" என்றேன். நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏழு நாற்பதுக்குச் சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் இறங்கினோம். வாசலில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு நடையைத் தொடங்கினேன். முதல் இடம், பக்கத்திலேயே இருக்கும் மாநகராட்சியின் வெள்ளைக் கட்டடம். வேலியோரமாக நின்று பார்த்தோம். ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன், மூன்றில் முடிந்தது. முதல் இடத்திலேயே இரண்டு நிமிடம் லாபம் என்று சொன்னபோது என் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

இரண்டாவது எழும்பூர் மியூசியம். எட்டரைக்கே போய்விட்டோம். ஒன்பதரைக்குத்தான் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் கேட்டுக்கு எதிரில் ஒரு கல்லில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். நான் ஆறு, அவள் மூன்று. ஒன்பதரை ஆனது. கேட் திறக்கவில்லை. ஒன்பது முப்பத்தைந்துக்கு எழுந்து போய்க் காவலரிடம் நேரத்தைச் சுட்டிக்காட்டினேன்.

"இன்னா பெரியவரே, உள்ள போணுமா? இன்னிக்கு வெள்ளிக்கிழம. லீவு."

"லீவா? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"கேட்டுல இம்மாம் பெருசா எழுதி வெச்சிருக்குது. அதுக்கு நேர் எதிர்லதான ஒரு மணி நேரமா குந்தினு இட்லி துன்னீங்க? சரி, நிழலுக்கு உக்காந்துகினு இருக்காங்கன்னு நான் உட்டுட்டேன்."

என் மனைவி பலகையைப் படித்தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. நான் இரண்டு மொழியிலும் தேறியவன். ஞாயிறு வேண்டாம், ரயில் குறைவு. சனி வேண்டாம், கூட்டம். திங்கள் வேண்டாம், லைட் ஹவுஸ் மூடியிருக்கும் என்று மூன்று நாள் யோசித்துத் தேர்ந்தெடுத்த வெள்ளிக்கிழமை அது.

"வாசலப் பாத்தாச்சு இல்ல?" என்றாள் நடுவர். "பாத்ததாவே வெச்சுக்கறேன். நடங்க."

அங்கிருந்து கூவத்தைக் கடந்து, சிந்தாதிரிப்பேட்டை வழியாகச் சேப்பாக்கத்துக்கு நடந்தோம். அது சாமான்யத் தூரமில்லை. நடைபாதை என்று இருப்பதில் பாதி மோட்டார் சைக்கிள்கள் நின்றன, மீதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான் முன்னால், அவள் பின்னால். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் நடை அப்படித்தான். வழியில் ஒருவர் திருவல்லிக்கேணிக்கு எப்படிப் போவது என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் நேராகப் போகச் சொன்னேன். அவர் போன திசையைப் பார்த்து என் மனைவி, "பாவம்" என்றாள். அதற்குள் அந்த ஆயிரத்தில் நானூற்றுச் சொச்சத்தில் இருந்த எண்ணிக்கை மறந்துபோயிற்று. குறைத்து எண்ணினால் எனக்கு நஷ்டம், கூட்டி எண்ணினால் மோசடி. நின்று யோசித்து நானூறு என்றே வைத்துக்கொண்டேன்.

வலது குதிகாலில் ஷூ கடிக்க ஆரம்பித்தது அங்கேதான். சொல்லவில்லை. நடுவரிடம் சொல்வது நாமே வாக்குமூலம் கொடுப்பது போல.

சேப்பாக்கத்துச் சிவப்பு அரண்மனையை மரங்களுக்கு நடுவே கொஞ்சம் பார்த்தோம். பிறகு மெரினா. மணலுக்குள் இறங்கிக் கடலைத் தொட வேண்டும் என்று என் திட்டத்தில் இருந்தது. சாலையிலிருந்து அலை வரைக்கும் மணல் இவ்வளவு அகலம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. மணலில் வைக்கிற அடி ஒவ்வொன்றும் பாதி பின்னுக்கு வருகிறது. அதை ஒன்று என்று எண்ணுவதா, அரை என்று எண்ணுவதா? நான் இதை யோசித்துக்கொண்டு நின்றபோது அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் முழங்கால்வரை போய்விட்டாள். நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, கடலில் கால் வைத்து எத்தனை வருடமாயிற்று என்று அங்கிருந்தே கத்திக் கேட்டாள். இதை மட்டும் நான் எண்ணி வைத்திருக்கவில்லை. சுண்டல் வாங்கினேன். இரண்டு பொட்டலம் நாற்பது ரூபாய். பொட்டலத்தைப் பிரித்தால் கூம்புக்குள் பாதிவரை வெறும் காகிதம்.

லைட் ஹவுஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு இருபது. உள்ளே லிப்ட் இருந்தது. டிக்கெட் வாங்கப் பணம் எடுத்தேன்.

"லிப்ட்டுல சக்கரம் இருக்குதே" என்றாள் என் மனைவி.

"அது மேலயும் கீழயும் போறது. சக்கரம் இல்ல. கப்பி."

"கப்பின்னா இன்னா? ஸ்டோர்ல எந்த ரேக்குல வெச்சிருந்தீங்க அத?"

சக்கரம், கப்பி, பல்சக்கரம் எல்லாம் ஒரே ரேக். ரேக் மேல் பெயர்ப்பலகையை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இதை எப்போதோ சோறு பரிமாறும் நேரத்தில் நானே அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"படியில ஏறலாமா?" என்று டிக்கெட் கொடுப்பவரைக் கேட்டேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கீழே வந்து பார்வை என் ஷூவில் நின்றது. "வேணாம் சார்" என்றார்.

விதி எனக்குத்தானே, நடுவருக்கு இல்லையே. இருபது ரூபாய்க்கு ஒரு டிக்கெட் வாங்கி அவள் மட்டும் மேலே போனாள். நான் கீழே நிழலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். வலதில் ஒன்று உடைந்திருந்தது. கழற்றியதை மறுபடி மாட்ட ஆறு நிமிடம் ஆயிற்று. அவள் இறங்கி வந்தபோது தலைமுடியெல்லாம் காற்றில் பறந்து, முகம் வேறு மாதிரி இருந்தது.

"இன்னா தெரிஞ்சுது?"

"எல்லாந்தான். கடலு, கப்பலு, மாதா கோயிலு, அந்தாண்ட ஊடுங்க. மெட்ராசு இம்மாம் பெருசா இருக்குதுங்க! நம்ம ஊரு பொக தெரியுதான்னு வடக்கால பாத்தேன், தெரியல. நீங்க நல்லா தெரிஞ்சீங்க. ஷூவக் கழட்டிகினு குந்தினு இருந்தீங்க."

அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. அவள் கைக்குட்டையைக் கிழித்து என் குதிகாலில் கட்டினாள். "உட்டுடலாங்களா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். விட்டுவிட்டால் ஓசூர். மாட்டேன் என்றேன். சாந்தோம் தேவாலயத்துக்கு எதிரில் இளநீர் குடித்தோம். ஒன்று அறுபது ரூபாய். விலையைக் கேட்டதும் கால் வலி சற்று மறந்தது.

ஏழாவது இடம் மயிலாப்பூர் கோயில். ஒன்று பத்துக்குப் போய் நின்றேன். நடை சாத்தியிருந்தது, நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பகலில் கோயில் மூடும் என்பது இந்த நாட்டில் எனக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. அவள் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெகு நேரம் கண்ணை மூடி நின்றாள். எனக்கு வெற்றி வேண்டித்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்து நானும் பயபக்தியோடு நின்றேன்.

"ஏழு ஆயிடுச்சு" என்றேன்.

"ரெண்டு மூடியிருந்துச்சு, ஒண்ணுல நீங்க ஏறல. இருந்தாலும் ஏழுதான். ஒத்துக்கறேன்."

வலது பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்தேன். ஆறு வாஷர் மிச்சம். ஆக, பதினாலாயிரம் அடி நடந்திருக்கிறேன். பந்தயத்தில் பாக்கி இருந்தது வீடு போய்ச் சேருவது மட்டும்தான். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினோம், ரயில்தானே, விதிக்கு உட்பட்டது. பார்க் டவுனில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகச் சென்ட்ரல் புறநகர் நிலையத்துக்கு நொண்டிக்கொண்டு போனேன். மேடையில் ஒரு ரயில் கிளம்பத் தயாராக நின்றது.

"போர்டப் பாத்துட்டு ஏறலாங்க" என்றாள்.

"கம்பெனி சாமான் வாங்க வாரத்துல ரெண்டு நாள் வந்து போனவன் நான். கும்மிடிப்பூண்டி வண்டி இந்த மேடையிலதான் நிக்கும். எனக்குப் போர்டு காட்டறியா?"

ஏறினோம். காலியாக இருந்தது, அதையாவது நான் யோசித்திருக்கலாம். ஷூவைக் கழற்றி, எதிர் இருக்கையில் காலை நீட்டினேன். ஜெயித்துவிட்டோம் என்று மகனிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கியதுதான் நினைவிருக்கிறது.

எழுந்தபோது ரயில் நின்றிருந்தது. பெட்டியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பலகையில் 'திருவள்ளூர்' என்று இருந்தது.

சென்ட்ரலிலிருந்து வரும் பாதை பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் இரண்டாகப் பிரியும். ஒன்று வடக்கே எங்கள் ஊருக்கு, ஒன்று மேற்கே திருவள்ளூருக்கு. எங்கள் பக்கத்துக்காரர் யாராவது பாதித் தூக்கத்தில் இப்படி வண்டி மாறிப் போய்விட்டதாகக் கேட்டால், வாரக் கணக்கில் சொல்லிச் சிரித்தவன் நான்.

"உனக்குத் தெரியாதா?" என்றேன் அவளிடம்.

"ஆவடி வந்தப்பவே தெரியும்."

"ஏன் எழுப்பல?"

"எழுப்புனா இன்னா பண்ணுவீங்க? எறங்கி நடப்போம்பீங்க. வாயத் தொறந்துகினு தூங்குறீங்க, நாலு நாளா நைட்டெல்லாம் தூங்காத மனுஷன். தூங்கட்டும்னு உட்டுட்டேன். திருவள்ளூரு இன்னா, காசியா?"

மேடையில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் கையை நீட்டினார். இளைஞர், மரியாதையாகவே பேசினார்.

"சார், இது கும்மிடிப்பூண்டிக்கு ரிட்டர்ன் டிக்கெட். நீங்க எறங்கியிருக்கறது திருவள்ளூர்."

"கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூர் மாவட்டந்தான் சார்" என்றேன். வேறு வாதம் அப்போது தோன்றவில்லை.

"மாவட்டத்துக்கெல்லாம் கலெக்டர் ஆபீஸ்லதான் சார் டிக்கெட் குடுப்பாங்க. நாங்க ஸ்டேஷனுக்குத்தான் குடுக்கறோம்."

ஆளுக்கு இருநூற்று அறுபது, அபராதமும் கட்டணமுமாக. பணத்தை எடுக்கும் பதற்றத்தில் சட்டைப்பைக்குப் பதிலாக இடது பாக்கெட்டில் கைவிட்டேன். விரல் நேராகத் தொடையைத் தொட்டது. பாக்கெட்டின் அடியில் ஓட்டை. காலையிலிருந்து நான் எண்ணிப் போட்ட வாஷர்களில் ஒன்றுகூட இல்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கட்டைப்பையிலிருந்து புடவைத் துணியில் தைத்த ஒரு சுருக்குப் பையை எடுத்தாள். பிரித்தாள். வாஷர்கள்.

"பதிமூணு இருக்குது. சிந்தாதிரிப்பேட்டையில ஒண்ணு சாக்கடையில பூடுச்சு. பேண்ட்டு வழியா எறங்கி ரோட்டுல டங்கு டங்குன்னு உழுந்துகினே வந்துது. உங்களுக்குத்தான் எடது காது கேக்காதே."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா நின்னு தெச்சுத் தரச் சொல்வீங்க. எடுத்துக்கினே வந்துட்டேன்."

பரிசோதகர் அவ்வளவு நேரமும் ரசீதை நீட்டியபடி நின்றார். "சார், இது இன்னா?" என்றார். "அடி" என்றேன். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

பந்தயம் இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்று அவளிடம் சொன்னேன். திரும்பவும் ரயிலேறி பேசின் பிரிட்ஜ் போய், அங்கே எங்கள் ஊர் வண்டியைப் பிடித்தால் விதி மீறாமல் வீடு போய்ச் சேரலாம். கணக்கும் போட்டுக் காட்டினேன். அவள் சரி என்றாள். நான் ஷூவை மாட்டப் பார்த்தேன். வீங்கிப்போன கால் உள்ளே போகவில்லை. வெறுங்காலோடு எழுந்தேன். மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உட்கார்ந்தேன். நல்லவேளை, இந்த முறை பெஞ்சு இருந்தது.

அவள் மாத்திரையைக் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு கையில் ஷூ, ஒரு கையில் நான் என்று பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

"எங்க போணும் ஆயா?"

"பஸ் ஸ்டாண்டு. எவ்ளோ?"

"எண்பது குடு."

"நான் ஏற மாட்டேன்" என்றேன். "ஏறினா தோல்வி."

"அவரு ஏறுவாரு, நீ ஒரு நிமிஷம் இருப்பா" என்றாள் ஆட்டோக்காரனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "மூணு சக்கரம். நானும் எண்ணிட்டேன். ஏறுங்க" என்றாள்.

ஏறினேன். அங்கிருந்து ஊத்துக்கோட்டைக்கு ஒரு பஸ், ஊத்துக்கோட்டையிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு பஸ். வழி நெடுக வயல்கள் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. ஓசூரில் முருங்கைக்கீரை என்ன விலை இருக்கும், அங்கே சங்கு ஊதுமா, எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் வேறு கட்டடம் இருக்குமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இருந்தால் அதன் ஜன்னல்களையும் எண்ணலாம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கிளம்பியதிலிருந்து அவள் தூங்கியது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து, நான் உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மகன் கூப்பிட்டான். அவள்தான் எடுத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா, ஆச்சா? நைனா நடந்துச்சா?"

"நடந்தாரு. ஏழு எடம் பாத்தாரு. அப்பால தூங்கிட்டு திருவள்ளூருக்குப் பூட்டோம். கால் வீங்கிப்போச்சு, லேசா தல சுத்துச்சு. ஆட்டோவுல ஏறுனாரு, ரெண்டு பஸ்ஸுல ஏறுனாரு. தோத்துட்டாரு."

ஒன்றையும் விடவில்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி வுடு. நான் லீவு போட்டுட்டு வரேன். சித்திரைக்குள்ள..."

"இருடா. நான் இன்னும் முடிக்கல. மெட்ராச நடந்து சுத்திட்டு வந்தா இங்கியே இருக்கலாம்னுதான நீ சொன்ன?"

"ஆமா, நைனாதான் தோத்துட்டாருன்னியே."

"நான் சுத்துனேன்டா. ஊக்கு குத்துன செருப்பு போட்டுகினு. இவரு போட்ட வாஷர பதிமூணு வாட்டி குனிஞ்சு எடுத்தேன். கடல்ல எறங்குனேன். லைட் ஹவுஸ் மேல ஏறிப் பாத்தேன். இவரு பையும் நான்தான் தூக்குனேன், கடசியில இவரையும் நான்தான் தூக்கிகினு வந்தேன். வந்து உல வெச்சிட்டுத்தான் உன்கூட பேசறேன்."

"அது இல்லம்மா, நைனா அங்க தனியா..." என்று ஆரம்பித்தான் அவன்.

"தனியா இருக்காரு, தனியா இருக்காருன்ற. என்னிக்குடா இவரு தனியா இருந்தாரு? நீயும் என்னக் கேக்கல, இவரும் என்னக் கேக்கல. இப்போ நான் சொல்றேன் கேட்டுக்கோ. எனக்கு இங்க இருக்கணும். எனக்கு எப்போ முடியலயோ அன்னிக்கு நானே போன் பண்றேன், வந்து இட்டுகினு போ. அதுவரைக்கும் இவரு தல சுத்தி உக்காந்தா எழுப்ப நான் இருக்கேன். சோடா வாணாம்."

ஓசூர்ப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது. பிறகு மகன், "சரிம்மா" என்றான். "நைனா அங்கதான் இருக்குதா?"

"இருக்காரு. காலு ரெண்டும் பக்கெட்டுல இருக்குது."

"நைனா," என்றான் அவன், "உன் அடிய யாரு எண்ணுனா?"

"நான்தான்" என்றேன்.

"அம்மா அடிய?"

நான் அவள் காலைப் பார்த்தேன். அவளுடைய அடி என்னுடையதைவிடச் சின்னது. அதே தூரத்துக்கு அவள் அதிகம் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு அதிகம் என்று தெரிய வேண்டுமானால் இன்னொருமுறை நடக்க வேண்டும்.

இப்போது காலையில் பஸ் நிலையம் வரை போகும்போது அவளும் வருகிறாள். நடுவர் உத்தரவுப்படி அவள் முன்னால், நான் பின்னால். ஊக்குச் செருப்பு என்னைவிட வேகமாகப் போகிறது. ஷூ மறுபடி பெட்டிக்குப் போய்விட்டது, அடிப்பாகம் அவ்வளவாகத் தேயவில்லை. கொப்புளத்துக்குக் களிம்பும் துணியும் தொண்ணூற்றைந்து ரூபாய், பாக்கெட் தைத்ததற்கு இருபது, சாக்கடையில் போன வாஷருக்கு இரண்டு. ஷூ, டிக்கெட், டீ, சுண்டல், லைட் ஹவுஸ், இளநீர், அபராதம், ஆட்டோ, பஸ் எல்லாவற்றோடும் இவற்றையும் கூட்டினால், என் வீட்டிலேயே நான் இருப்பதற்கு எனக்கு ஆன செலவு ஆயிரத்து எழுநூற்றுப் பதினேழு ரூபாய்.